அச்சக விவரம் பொய்யாக இருந்தால் ஆய்வேட்டில் எதைக் குறிப்பது?

கேள்வி: வில்லியம் டிண்டேல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1530இல் வெளிவந்த மோசேயின் ஐந்து ஆகமங்களை மின்படியில் பார்த்தேன். ஆதியாகமத்தின் முடிவில் ‘ஹெஸ்ஸே நாட்டு மால்பரோவில் ஹான்ஸ் லுஃப்ட் அச்சிட்டது’ என்று இருக்கிறது. நூலகப் பட்டியலோ ஆண்ட்வெர்ப் (இன்றைய பெல்ஜிய நகரம்) என்கிறது. எதை எழுதுவது?

பதில்: இரண்டையும் எழுத வேண்டும். ஆண்ட்வெர்ப் என்பது நூலில் இல்லாமல் ஆய்வாளர்கள் கண்டறிந்த செய்தி என்பதால் அதைச் சதுர அடைப்புக்குள் இடுங்கள். நூலில் உள்ள வாசகத்தை எழுத்துக்கூட்டல்கூட மாறாமல் அடிக்குறிப்பில் தாருங்கள். மால்பரோவை அந்த ஜெர்மன் ஊரின் இன்றைய பெயரான மார்பர்க் என்று திருத்திவிட வேண்டாம். அந்தப் பொய்யும் ஒரு சான்றுதான்.

அது யோசித்துச் சொல்லப்பட்ட பொய். லுஃப்ட் உண்மையில் விட்டன்பர்க் நகரத்து அச்சகர். கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்துச் சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரின் முழு ஜெர்மன் வேதாகமத்தை 1534இல் அச்சிட்டவர். மார்பர்க்கும் சீர்திருத்தத்தை ஆதரித்த ஹெஸ்ஸே ஆட்சியாளர் பிலிப் 1527இல் பல்கலைக்கழகம் நிறுவிய ஊர். ஆகவே படிப்பவருக்கு ஐயம் எழாது. கத்தோலிக்கப் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் ஆட்சிக்குட்பட்ட ஆண்ட்வெர்ப்பில் அச்சிட்டவரும் மறைந்திருக்கலாம். அங்கே ஆபத்து வெறும் அபராதத்தோடு நிற்கவில்லை: வேதாகமங்களை அச்சிட்ட யாக்கோப் ஃபான் லீஸ்ஃபெல்ட் 1545இல் அந்நகரிலேயே தலை வெட்டப்பட்டார்.

உண்மையான அச்சகத்தை அச்செழுத்துகளையும் அலங்கார முதலெழுத்துகளையும் ஒப்பிட்டுக் கண்டறிகிறார்கள். அச்செழுத்துகள் பலருக்கு விற்கப்பட்டவை என்பதால் அவை மட்டும் போதா. முதலெழுத்து செதுக்கிய ஒரே மரக்கட்டையில் ஏற்பட்ட கீறல், அச்சகரின் உண்மைப் பெயர் போட்ட வேறொரு நூலிலும் தென்பட்டால் அது வலுவான சான்று. அச்செழுத்தின் அளவை அறிய இருபது வரிகளின் உயரத்தை மில்லிமீட்டரில் அளப்பதும் வழக்கம். அளவுகோல் வைக்காமல் எடுத்த மின்படியில் அதைச் செய்ய முயலாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இத்தகைய நூலை அச்சிட்டவர் சீர்திருத்தக் கொள்கையர் என்று உடனே எழுதிவிடக் கூடாது, ஏனெனில் தடைசெய்யப்பட்ட நூலுக்கு நல்ல சந்தையும் இருந்தது. ஆண்ட்வெர்ப்பின் கிறிஸ்தோஃப் பிளாண்டினைப் பாருங்கள்: 1562இல் அவரது அச்சகத்தில் சீர்திருத்தப் பிரிவுகளில் ஒன்றான கால்வினியத்தின் சிறுநூல் ஒன்று பிடிபட்டது, சில ஆண்டுகளிலேயே, கத்தோலிக்க மன்னர் இரண்டாம் பிலிப்பின் ஆதரவில் எட்டுத் தொகுதிப் பன்மொழி வேதாகமத்தை அவர் அச்சிட்டார், இதற்கிடையே ‘அன்பின் குடும்பம்’ என்ற மறைவான குழுவுடனும் தொடர்பு வைத்திருந்தார். அவருடைய கடிதங்களும் கணக்கேடுகளும் அந்நகர அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டிருப்பதால்தான் இவ்வளவு பேச முடிகிறது. அத்தகைய சான்று கையில் இல்லாதவரை ‘அச்சிட்டவர்’ என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.