தண்டையார்பேட்டையிலிருந்து கேட்ட அக்காவுக்கு

அக்கா, எட்டு வயசுப் பொண்ணு, பரதநாட்டிய வகுப்பில் சேர்ந்து நாலே மாதம், அதற்குள் ஆண்டு விழாவில் ஆட ஆறாயிரத்துக்கு உடை தைக்கச் சொல்கிறார்கள், டீச்சரை மாற்றி மயிலாப்பூருக்கே அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட வேண்டாம்.

முதலில் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். டீச்சர் தட்டுக்கழி வைத்துத் தாளம் போட்டு, வாயால் ‘தெய்யா தெய்’ என்று சொல்லுக்கட்டு சொல்லி, பாதத்தைத் தட்டி ஆடும் முதல் பாடமான தட்டடவை மூன்று வேகத்திலும் ஆட வைக்கிறாரா, முட்டியை வெளிப்பக்கமாக மடக்கிப் பாதி உட்கார்ந்து நிற்கும் அரைமண்டியில் முட்டி உள்ளே மடங்கினால் நிறுத்தித் திருத்துகிறாரா? அப்படியென்றால் விட்டுவிடாதீர்கள், இந்தப் பக்கம் அப்படி ஒருவர் கிடைப்பதே பெரிது. ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டு அவர் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தால் பேசாமல் மாற்றிவிடுங்கள்.

உடைக்கு வாடகையே போதும். வளர்கிற பிள்ளை, அடுத்த வருஷம் அது பத்தாது. வாடகைக்கு எடுக்கக்கூடாது, நான் சொல்கிற கடையில்தான் தைக்கணும் என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

மயிலாப்பூர் வேண்டாம். பள்ளி விட்டு வந்து, பாரிமுனை நெரிசலைத் தாண்டிப் போய்த் திரும்பினால் குழந்தைக்கு ஆட்டமே வெறுத்துவிடும். கட்டணம்தான் பிரச்சினை என்றால் கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தை விசாரியுங்கள், 5 முதல் 16 வயது வரை சேர்க்கிறார்கள்.

அப்புறம், வகுப்புத் தரை வெறும் சிமென்டா, மரமா என்றும் பாருங்கள். சிமென்டில் தினமும் தட்டினால் குதிகால் வலிக்கும், வலிக்கிறது என்று சொன்னால் அதட்டாத டீச்சராக இருக்கணும்.