பாய்மரப் படகில் வருபவர்கள் இலங்கையின் காலி நகரத் துறைமுகத்தில் நிற்க முடியுமா?

முடியும். தாய்லாந்தின் புக்கெட்டிலிருந்து செங்கடல் பக்கம் போகிறவர்களுக்கு, சுமார் 1,100 கடல் மைலுக்குப் பிறகு கிடைக்கும் நல்ல நிறுத்தம் இலங்கையின் காலி. ஆனால் இது உல்லாசப் படகுகளுக்கென்றே கட்டிய மெரினா இல்லை. சரக்குக் கப்பலும் கடற்படையும் இருக்கும் துறைமுகம். அதனால் நேராக உள்ளே நுழையக் கூடாது. முன்கூட்டியே ஒரு ஏஜென்டைப் பிடியுங்கள்; அவர் இல்லாமல் காகித வேலை நகராது. நெருங்கியதும் வி.எச்.எஃப். ரேடியோவின் சானல் 16-இல் துறைமுகத்தை அழைத்து, நுழைவு அனுமதி கேட்பதைக் காட்டும் மஞ்சள் கொடியை ஏற்றிவிட்டு, உள்ளே வரச் சொல்லும்வரை வெளியே காத்திருக்க வேண்டும். முந்தைய துறைமுகத்தின் அனுமதிச் சீட்டும் ஆட்கள் பட்டியலும் பல பிரதிகள் கையில் இருக்கட்டும். இங்கே கேட்காத அலுவலகமே கிடையாது!

காகிதத்தைவிடப் பெரிய தொல்லை அலையாட்டம்தான். துறைமுகத்துக்குள்ளும் அலை புகுந்து படகை முன்னும் பின்னும் இழுக்கும். கயிறு கான்கிரீட்டில் உரசும் இடத்தில் பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டைச் செருகிவிடுங்கள், இல்லாவிட்டால் விடிவதற்குள் நார் நாராகிவிடும். டிசம்பர் முதல் மார்ச் வரை வருவது நல்லது; தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் திருகோணமலையே மேல்.