‘டிஸ்கஸ்’ வேறு, ‘கிரிட்டிகலி எக்ஸாமின்’ வேறு

தமிழில் யுபிஎஸ்சி மெயின்ஸ் (குடிமைப் பணி முதன்மைத் தேர்வு) எழுதுகிறேன், பாடம் தெரிந்தும் மதிப்பெண் ஏறவில்லை என்கிறீர்கள். பசுமைப் புரட்சியை ‘கிரிட்டிகலி எக்ஸாமின்’ செய்யச் சொன்ன கேள்விக்கு நீங்கள் போட்டிருக்கும் விடையில் சிக்கல் தகவலில் இல்லை, கேள்வியின் ஏவல் சொல்லில்தான், அதாவது என்ன செய்யச் சொல்கிறது என்பதைக் காட்டும் சொல்லில். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வருவதால், எல்லாமே மனத்துக்குள் ‘விளக்குக’ ஆகிவிடுகிறது. ‘டிஸ்கஸ்’ என்றால் பல கோணங்களையும் அலச வேண்டும். ‘கிரிட்டிகலி எக்ஸாமின்’ என்றால் கோதுமை விளைச்சல் கூடியதோடு நிறுத்தக் கூடாது. பஞ்சாபில் நிலத்தடி நீர் இறங்கியதையும் எடைபோட்டு, உங்கள் முடிவைக் காரணத்தோடு சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியதோ முழுக்க வரலாறு! 10 மதிப்பெண்ணுக்கு 150 சொல்தான்: முன்னுரைக்கு 20, முடிவுக்கு 30, மீதி அலசலுக்கு. பொது அறிவுத் தாளில் 3 மணி நேரத்தில் 20 கேள்வி, அதாவது ஒன்றுக்குச் சராசரி 9 நிமிடம். அதில் முதல் அரை நிமிடம் ஏவல் சொல்லை அடிக்கோடிடவே போகட்டும்.