நுரைக்குப் பிறகும் கதை இருக்கிறது

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனின் சுருக்காத கதைத் தொகுப்பு ஒன்றை வாங்கித் தினமும் இரவில் வாசித்துக் காட்டுகிறேன். குட்டிக் கடற்கன்னி நுரையாகிப் போகும் இடத்தில் தேம்பித் தேம்பி அழுதாள். பயந்துபோய்ப் புத்தகத்தை மூடிவிட்டேன். கார்ட்டூன் படத்தில் இளவரசனுக்கும் கடற்கன்னிக்கும் கல்யாணம் நடக்கிறதே, நாமும் அப்படியே மாற்றிச் சொல்லிவிடலாமா? பத்து வயது மகனுக்குப் பெரிய நாவல்களின் சுருக்கப் பதிப்புகளைக் கொடுக்கலாமா?
- ஒரு வாசகி

பதில்: நீங்கள் மூடிய பக்கத்திலிருந்தே தொடங்குவோம். அந்தக் கதை நுரையோடு முடிவதில்லை. நுரையான பிறகும் அவளுக்குச் சாவு தெரிவதில்லை. வெயிலின் இதம் படுகிறது, மெல்ல மேலே எழுகிறாள், காற்றின் மகள்கள் அவளைத் தங்களோடு சேர்த்துக்கொள்கிறார்கள். சூனியக்காரியிடம் குரலைக் கொடுத்துவிட்டு ஊமையாகத் திரிந்தவள் அங்கேதான் மறுபடி பேசுகிறாள். முந்நூறு ஆண்டு நல்லது செய்தால் அழியாத ஆன்மா கிடைக்கும் என்ற நம்பிக்கையும் கிடைக்கிறது. உங்கள் மகளுக்கு இதெல்லாம் இன்னும் தெரியாது. அவளைப் பொறுத்தவரை கடற்கன்னி இன்னமும் நுரையாகவே கிடக்கிறாள். நாளைக்கே மீதியை வாசித்துக் காட்டுங்கள்.

கல்யாணத்தில் முடிக்கலாமா என்கிறீர்கள். அந்தக் கத்தியை நினைத்துப் பாருங்கள். இளவரசன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டதால், விடிந்ததும் கடற்கன்னி நுரையாகிவிட வேண்டும். அக்காமார்கள் தங்கள் கூந்தலைச் சூனியக்காரிக்குக் கொடுத்து அதை வாங்கி வருகிறார்கள். விடிவதற்குள் இளவரசனைக் குத்திவிட்டால் தங்கை மறுபடி கடலுக்கே திரும்பலாம். அவளோ, தூங்குகிறவனைப் பார்த்துவிட்டுக் கத்தியைக் கடலில் வீசிவிடுகிறாள். மொத்தக் கதையும் அந்த வீச்சுக்காகவே எழுதியது போல எனக்குத் தோன்றும். இளவரசன் அவளையே கட்டிக்கொண்டால் கத்தியும் இல்லை, அக்காக்களின் மொட்டைத் தலையும் இல்லை. உங்கள் மகள் அழுதாள் என்றால், கடற்கன்னி விட்டுக்கொடுத்தது எவ்வளவு பெரியது என்பது குழந்தைக்குப் புரிந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த அழுகையைக் கண்டு பயப்படாதீர்கள்.

ஆனால் ஒரு பத்தியை மட்டும் நானும் வாசிக்க மாட்டேன். கடைசியில், நல்ல குழந்தையைக் கண்டால் கடற்கன்னியின் காத்திருப்பு குறையும், பொல்லாத குழந்தையைக் கண்டு அழ நேர்ந்தால் ஒவ்வொரு துளிக்கும் ஒரு நாள் கூடும் என்று வருகிறது. ஏழு வயதுப் பிள்ளை தன் குறும்புதான் அவளை வதைக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். அந்தப் பாரம் வேண்டாம். அதை விட்டுவிட்டால் கதைக்கு ஒரு குறையும் வராது.

இன்னொரு யோசனை. இந்தக் கதையை முடித்ததும் ஆண்டர்சனைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் கதைகளை எடுங்கள். ‘அதுதான் இன்னும் கொடூரமாயிற்றே’ என்பீர்கள். ஸ்னோ ஒயிட் கதையில் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்போடு பொல்லாத ராணி செத்து விழும்வரை ஆடுகிறாள். உண்மைதான். ஆனால் அது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. வலி எப்படி இருந்தது என்று கதை சொல்வதே இல்லை. கெட்டவளுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்தது, அவ்வளவுதான். வாய்மொழிக் கதைகளின் சுபாவம் அது, குழந்தைகளும் பெரும்பாலும் அதைச் சட்டென்று கடந்துவிடுகிறார்கள். ஆண்டர்சன் அப்படி இல்லை. கடற்கன்னி வைக்கும் ஒவ்வொரு அடியும் கத்திமேல் நடப்பது போல் இருந்தது என்று உள்ளே புகுந்து எழுதுவார். ரத்தத்தைவிட இந்தத் துக்கம்தான் பிள்ளைகள் மனதில் நாள்கணக்கில் தங்குகிறது. அதனால் புத்தாண்டுக்கு முந்தின இரவில் பனியில் உறைந்துபோகும் தீப்பெட்டிச் சிறுமியின் கதையை இன்னும் இரண்டு வருஷமாவது தள்ளிப்போடுங்கள்.

‘மூலக்கதை’ என்ற சொல்லையும் கொஞ்சம் தளர்வாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கிரிம் தொகுப்பின் முதல் பாகம் 1812இல் வந்தபோது ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடித்தவள் பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆனாள். 1857இல் ஏழாம் பதிப்பு வரும்வரை திருத்திக்கொண்டே இருந்தார்கள். சிவப்புத் தொப்பிச் சிறுமியும் அப்படித்தான். 1697இல் பெரோ எழுதிய பிரெஞ்சுக் கதையில் ஓநாய் அவளைத் தின்றுவிடுகிறது, அத்தோடு முற்றுப்புள்ளி. வேட்டைக்காரர் வந்து வயிற்றைக் கிழித்துக் காப்பாற்றுவது கிரிம் கதையில். எனவே ஏழு வயதுக்கு எந்த வடிவம் பொருந்தும் என்று தேடித் தேர்ந்தெடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. தேர்ந்த பிறகு அதைப் பாதியில் நிறுத்தாதீர்கள். பினோக்கியோ தொடராக வந்தபோது, 1881இல், மரப்பொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டுக் கதையை முடித்துவிட்டார் கொலோடி. படித்தவர்கள் விடவில்லை, மேலே எழுத வைத்தார்கள். பொம்மை உயிரோடு எழுந்தது அதற்கப்புறம்தான். உங்கள் மகளுக்கும் அந்த ‘மேலே’ வேண்டும்.

சரி, மகன் விஷயம். சுருக்கம் தவறே இல்லை. சார்ல்ஸ் லாம்பும் அவர் அக்கா மேரியும் 1807இல் ஷேக்ஸ்பியரின் இருபது நாடகங்களைச் சிறுவர்களுக்கான உரைநடைக் கதைகளாக எழுதினார்கள். ஆலிஸ் கதையை லூயிஸ் கரோலே 1890இல் சின்னக் குழந்தைகளுக்காகத் திரும்ப எழுதினார். நல்ல சுருக்கத்தில் பாத்திரங்கள் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், கோணங்கித்தனம் செய்வார்கள். மோசமான சுருக்கத்தில் ‘அவன் போனான், வந்தான், வென்றான்’ என்று நிகழ்ச்சிகள் மட்டும் வரிசையாக நிற்கும். வாங்கும் முன் நடுவில் ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள், நாக்குக்கே தெரிந்துவிடும். பிடித்த புத்தகத்தை அவன் இரண்டாவது முறை எடுத்தால், முழுப் பதிப்பை அவன் கண்ணில் படும்படி வையுங்கள். படி என்று சொல்ல வேண்டாம்.

மகளுக்கு மீதிக் கதையைப் பகலில் வாசியுங்கள், தூங்கப்போகும் நேரம் வேண்டாம். முதலில் நீங்கள் தனியாக ஒருமுறை படித்துவிடுங்கள், குரல் உடைகிற இடம் எது என்று தெரிந்திருப்பது நல்லது. முடித்ததும் ‘என்ன புரிந்தது?’ என்று கேட்காதீர்கள். பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். அவளே ஏதாவது கேட்பாள்.