பச்சைப் புள்ளி எந்தக் காயைப் போல இருக்கிறது?

கேள்வி: விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) முதலாண்டுக்குக் குறியியல், அதாவது குறிகள் எப்படி அர்த்தம் தருகின்றன என்ற பாடம், எடுக்கிறேன். மொழியியலாளர் சொசூர், குறிப்பான் (குறியின் வடிவம்), குறிப்பீடு (அது சுட்டும் கருத்து) என்று போர்டில் எழுதியதுமே பாதி வகுப்பு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிறது. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?
- ஆசிரியை, கோவை

பதில்: கடையிலிருந்து. ஒரு பிஸ்கட் பாக்கெட், முட்டை சேர்த்த கேக் பாக்கெட் ஒன்று, இரண்டையும் வாங்கி மேசைமேல் வையுங்கள். ஒன்றில் சதுரத்துக்குள் பச்சை வட்டம், இன்னொன்றில் பழுப்பு முக்கோணம். பச்சைப் புள்ளி எந்தக் காயைப் போல இருக்கிறது என்று கேளுங்கள். எதைப் போலவும் இல்லை, சைவம் என்று நாம் பேசி வைத்துக்கொண்டதுதான். முன்பு அசைவத்துக்கும் வட்டம்தான், நிறம் மட்டும் வேறு. பச்சையும் பழுப்பும் பிரித்துத் தெரியாத கண்களுக்கு அது என்ன சொல்லியிருக்கும்? அதற்காகத்தான் 2020-இல் வந்த லேபிள் விதிகளில் வட்டம் முக்கோணமானது. இந்த ஒரு மாற்றத்தை வைத்தே ஒரு மணி நேரம் ஓட்டலாம்.

அப்புறம் கிருஷ்ண ஜெயந்திக் கோலம். மடக்கிய கையின் ஓரத்தை மாவில் தோய்த்துப் பதித்து, விரலால் ஐந்து புள்ளி வைத்தால் குழந்தையின் பாதம். பாதம் போலவே இருப்பதால் அது ஐகான். யாரோ நடந்து வந்த தடம் என்று பார்த்தால் இண்டெக்ஸ், ஆனால் நடந்தது யாருமில்லை, பாட்டியின் கைதான்! வந்தது கண்ணன் என்று நமக்குத் தெரிவது வழக்கத்தால், அது சிம்பல். இந்த மூன்றையும் பிரித்துச் சொன்னவர் அமெரிக்கத் தத்துவவாதி சார்லஸ் சாண்டர்ஸ் பர்ஸ் (ஆங்கில எழுத்தைப் பார்த்து பியர்ஸ் என்று படித்துவிடாதீர்கள், சட்டைப்பையில் இருக்கும் பர்ஸ்தான் உச்சரிப்பு). ஒரே கோலத்தில் மூன்றும் இருக்கிறதே என்று ஒரு மாணவி குழம்பினால் சந்தோஷப்படுங்கள், ஏனென்றால் பெட்டி பெட்டியாகப் பிரித்து மனப்பாடம் செய்பவர்களுக்குத்தான் அந்தக் குழப்பம் வராது. சொசூரை மூன்றாவது வாரம் கூப்பிட்டுக்கொள்ளலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: நல்ல சின்னம் என்றால் பார்த்ததும் புரிய வேண்டும் என்கிறார் என் சீனியர். சரியா?
- மாணவர், மதுரை

பதில்: பாதி சரி. மருத்துவமனைக் கழிவுப் பைகளில் மூன்று கொம்பு வளையமாக ஒரு சின்னம் இருக்குமே, உயிரி அபாயக் குறி, அதை 1966-இல் டௌ கெமிக்கல் நிறுவனத்தில் சார்லஸ் பால்ட்வின் குழுவினர் உருவாக்கியபோது வேண்டுமென்றே அர்த்தமில்லாத உருவமாகத் தேடினார்கள். மனதில் நிற்க வேண்டும், அர்த்தத்தைப் பிறகு சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. எந்தப் பக்கம் திருப்பி ஒட்டினாலும் ஒரே மாதிரி தெரியும் என்பது கூடுதல் வசதி.

ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் இது படுத்துவிடும். கதிரியக்கத்தின் மூவிதழ்ச் சின்னம் 1946-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்தது. ஆய்வகத்துக்குள் அது போதும், பழைய இரும்பு உடைப்பவருக்கு அது வெறும் மின்விசிறி. அதனால் 2007-இல் சர்வதேச அணுசக்தி முகமையினர் கதிர்கள், மண்டையோடு, ஓடும் மனிதன் எல்லாம் சேர்த்துச் சிவப்பில் ஒரு துணைச்சின்னம் கொண்டுவந்தார்கள். இந்தியா உட்பட 11 நாடுகளில் 1,650 பேரிடம் காட்டிப் பார்த்த பிறகுதான் அது வெளியே வந்தது. அதை வாசல் கதவில் ஒட்டுவதில்லை. கருவியைப் பிரிக்க ஆரம்பித்தால் மட்டும் கண்ணில் படுகிற மாதிரி உள்ளே ஒட்டுகிறார்கள்.