நண்பரை இறக்கிவிடப் போனதற்குப் பதவி இறக்கமா?

நியூஜெர்சியில் நகராட்சி வேலை, மேயரை எதிர்த்து நிற்பவரின் கூட்டத்தில் உங்களைப் பார்த்த மறு வாரமே கீழ்ப்பதவிக்குத் தள்ளிவிட்டார்கள், நீங்களோ நண்பரைக் காரில் இறக்கிவிடத்தான் போனேன் என்கிறீர்கள். சரி, இதே கதை உங்கள் மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. பேட்டர்சன் நகரத் துப்பறியும் காவலர் ஹெஃபர்னன், படுத்த படுக்கையாக இருந்த அம்மாவுக்காக எதிர் வேட்பாளரின் தேர்தல் பலகை ஒன்றை வாங்கப் போனார். பிரசாரத்தில் அவருக்குப் பங்கே இல்லை, ஆனாலும் அந்த வேட்பாளரின் ஆதரவாளர் என்று நினைத்து மறுநாளே ரோந்துக்கு இறக்கிவிட்டார்கள். 2016இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-2 என்று அவர் பக்கம் நின்றது: அதிகாரி என்ன நினைத்துத் தண்டித்தார் என்பதுதான் கணக்கு, அந்த நினைப்பே தப்பாக இருந்தாலும்.

ஆனால் நீங்கள் கொள்கை முடிவெடுக்கும் பதவியிலோ மேயரின் அந்தரங்க உதவியாளராகவோ இருந்தால் இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைக்காது, உங்கள் பதவி எதுவென்று நீங்கள் எழுதவே இல்லையே! அப்புறம், கூட்டாட்சி உரிமை வழக்குக்கு அங்கே 2 வருடம்தான் கெடு, தொழிற்சங்கப் புகாருக்கு அதைவிடக் குறைவாக இருக்கலாம். பழைய பணி மதிப்பீட்டு அறிக்கைகளை இன்றே பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, தொழிலாளர் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.