குளவி விஷத்தில் மருந்து தேடப் போகிறேன் என்கிறாள் மகள்: ஒரு தாய்க்குப் பதில்

அம்மா, போனில் நீங்கள் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. "டாக்டர் ஆவான்னு பார்த்தா, கதண்டு விஷத்துல மருந்து கண்டுபிடிக்கப் போறேங்கறா. இதெல்லாம் ஒரு படிப்பா சார்?" கதண்டு கொட்டி ஆள் போன சேதியைக் கேட்டு வளர்ந்தவர் நீங்கள். பயப்படுவது நியாயம்தான். ஆனால் உங்கள் மகள் சொன்னதில் கற்பனை எதுவும் இல்லை.

அவள் படித்தது பிரேசிலில் வாழும் பாலிபியா பாலிஸ்டா என்ற குளவியைப் பற்றி. அதன் விஷத்தில் எம்பி1 என்று ஒரு பெப்டைடு இருக்கிறது. புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்கள் 14 கோத்த குட்டிச் சரம். நம் செல்லைச் சுற்றியுள்ள சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆனது. பாஸ்படைடில்செரின் என்ற கொழுப்பு நல்ல செல்லில் உள்ளடுக்கிலேயே இருக்கும். பல புற்றுச் செல்களில் வெளியே வந்துவிடும். எம்பி1 அதில் ஒட்டிக்கொண்டு சவ்வில் ஓட்டை போடுகிறது. பிரிட்டனின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தாரும் பிரேசில் ஆய்வாளர்களும் 2015-இல் இதை விளக்கினார்கள். அவர்கள் சோதித்தது ஆய்வகத்தில் செய்த மாதிரிச் சவ்வுகளில், நோயாளிகளிடம் இல்லை. மகளிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

இன்னொன்று மாஸ்டோபரான். வெஸ்புலா லூயிசி என்ற ஆசியக் குளவியின் விஷத்திலிருந்து 1979-இல் பிரித்தெடுத்தது. அப்படியே கொடுத்தால் கிருமியோடு நம் செல்லுக்கும் கேடு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேசார் தெ லா புவெந்தேயின் குழு அதன் அமைப்பைக் கொஞ்சம் மாற்றி, உயிரைப் பறிக்கும் அளவுக்குக் கிருமித்தொற்று ஏற்றிய எலிகளுக்குக் கொடுத்தது. 80 சதவீத எலிகள் பிழைத்தன. இது 2020-இல் வெளியானது. அதிலிருந்து மருந்துக்கடை வரை உள்ள தூரம் மிக நீளம். விஷத்திலிருந்து மருந்து வருமா என்றால், வந்திருக்கிறது: ரத்த அழுத்தத்துக்கான கேப்டோபிரில் பிரேசில் பாம்பின் விஷத்தைப் பார்த்து உருவானது, சர்க்கரைக்கான எக்ஸினடைடு கீலா என்ற விஷப் பல்லியிடமிருந்து.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். இந்த வேலையில் பெரும்பாலோர் குளவிக்கூட்டுப் பக்கமே போவதில்லை. சரத்தின் வரிசை தெரிந்துவிட்டால் அதை ஆய்வகத்திலேயே கோத்துவிடலாம். அந்த முறைக்காகத்தான் அமெரிக்க வேதியியலாளர் மெரிஃபீல்டுக்கு 1984-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பையன் தன் ஆய்வகத்தில் இதைக் காட்டினான். ரவை போன்ற பிசின் மணிகள்மேல் ஒவ்வொரு அமினோ அமிலமாக ஏற்றுகிறான். ஒன்று ஏறியதும் நாலைந்து மணிகளை எடுத்து நின்ஹைட்ரின் என்ற சோதனை மருந்தை விட்டுச் சூடாக்கினான். மணி நீலமானால் சரியாக ஏறவில்லை, திரும்பச் செய்ய வேண்டும். அன்று மூன்றாவது தடவையும் நீலம். முகம் சுளிக்காமல் கழுவிவிட்டு மறுபடி ஆரம்பித்தான். உங்கள் மகளுக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா என்பதுதான் நான் கவலைப்படும் விஷயம்.

ஆகவே அவள் முதலில் படிக்க வேண்டியது அடிப்படை வேதியியல். 'கேன்சர் பயாலஜி', 'நானோ மெடிசின்' என்று பெயர் வைத்த இளநிலைப் படிப்புகளுக்கு லட்சக்கணக்கில் கட்டாதீர்கள். பி.எஸ்சி. வேதியியல், உயிர்வேதியியல், பி.ஃபார்ம்., அல்லது மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களான ஐசர்களின் ஐந்தாண்டுப் படிப்பு, இவற்றில் ஒன்று போதும். திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் ஐசர் இருக்கிறது. கல்லூரியைப் பார்க்கப் போனால் கலவையைப் பிரித்துச் சுத்தம் பார்க்கும் எச்.பி.எல்.சி. கருவி உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள். மாணவர்கள் அதைத் தங்கள் கையால் ஓட்டுகிறார்களா என்று கேளுங்கள். ஒரு கல்லூரியில் அந்தக் கருவியைத் துணி போர்த்திப் பூட்டிய அறையில் வைத்திருந்தார்கள். மூன்றாம் வருட மாணவி ஒருத்தி "தொட விடமாட்டாங்க சார்" என்றாள். அங்கே யாரையும் நான் அனுப்புவதில்லை.

பிஎச்.டி. முடிய 28 வயது ஆகிவிடுமே, கல்யாணம் என்ன ஆவது என்றீர்கள். நடுவில் இறங்கிக்கொள்ள இடம் இருக்கிறது. எம்.எஸ்சி. முடித்து, பெப்டைடு தயாரிக்கவும் சுத்திகரிக்கவும் சோதிக்கவும் தெரிந்தால் மருந்து நிறுவனத்தில் வேலைக்குப் போகலாம். சர்க்கரைக்கும் உடல் எடைக்கும் போடும் செமாகுளூடைடு ஊசியும் பெப்டைடுதானே. அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் மருந்து நிறுவனங்களுக்குத் தேவை. குளவி மருந்து வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் தொழில் அவள் கையில் இருக்கும். ஆராய்ச்சியே செய்வேன் என்றால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வை எழுதி, ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கட்டும்: முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டிலிருந்து பணம் அனுப்ப வேண்டியிருக்காது.

நீட் கைவிட்டதில் அவள் சோர்ந்திருக்கிறாள் என்றீர்கள். புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்க முடியும் என்று இயற்பியலாளர் ஜி.என். ராமச்சந்திரன் 1963-இல் உலகத்துக்குச் சொன்னது சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்து. பெப்டைடு படிக்கிறவர்கள் எந்த நாட்டிலும் அவர் பெயரால் வழங்கும் வரைபடத்தைப் படித்தாக வேண்டும். டாக்டர் ஆகாமலே மருத்துவத்துக்கு உதவிய இவரைப் பற்றி அவளுக்குச் சொல்ல ஆசை.

ஐசர் நுழைவுத்தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஒவ்வொன்றிலும் 15 கேள்விகள். ப்ளஸ் டூ முடித்த வருடத்துக்கு வரம்பு உண்டு, அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். நீட்டுக்காக ஒரு வருடமாகக் கணக்கைத் தொடாமல் இருந்திருப்பாள். பரணில் போட்ட கணக்குப் புத்தகத்தை இன்றே இறக்கிக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரும்போது அவளையும் கூட்டி வாருங்கள், அவளோடு நான் தனியாகக் கொஞ்சம் பேச வேண்டும்.